மிலிட்டரிப் பையில் முதல் வெற்றிலை

உலகச் சண்டை முடிந்து பத்து வருஷம் தாண்டியும் பெங்களூர்ப் பழைய சாமான் கடைகளில் பட்டாளத்து மிச்சம் தீரவில்லை. என் முதுகுப்பையை அங்கேதான் பிடித்தேன். காக்கி நிறம், பதினோரு வார், ஒன்பது கொக்கி. மீதி இரண்டு வார்களை எதில் மாட்டுவது என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை. கூடவே ஒரு ஜோடி பூட்ஸ். என் கால் ஏழாம் நம்பர், பூட்ஸ் ஒன்பதாம் நம்பர். நடுவில் இருந்த காலி இடத்தை நியூஸ் பேப்பர் திணித்துச் சமாளித்தேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் காலேஜ் ரீடிங் ரூமில் படித்த ஓர் இங்கிலீஷ் பத்திரிகை. முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு, போக வேண்டிய அவசியமே இல்லாத இடத்துக்குக் காட்டு வழியாக நடந்து போவது வெள்ளைக்காரனுக்குப் பொழுதுபோக்காம். படித்த அன்றே முடிவு பண்ணிவிட்டேன், நானும் நடப்பது என்று. நாகரசம்பட்டியில் எங்கள் வீட்டு மாந்தோப்பிலிருந்து பஸ் நிற்கும் இடம் வரைதான் அதற்கு முன் நான் நடந்த அதிகபட்ச தூரம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் அவசியமில்லாத நடைக்கு ஓர் அவசியத்தைக் கொண்டுவந்து சேர்த்தவன் முனிராஜ். ஹாஸ்டலில் என் ரூம்மேட், கெலமங்கலத்துக்காரன். வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, மாடுகளிடம் கன்னடம், தூக்கத்தில் மூன்றும் பேசுவான். அவன் தங்கை கௌரம்மாவுக்குப் பன்னிரண்டு நாளில் கல்யாணம். தாய்மாமன் தூக்கிக்கொண்டு வந்து மணையில் உட்கார வைக்காத பெண்ணுக்குத் தாலி கட்ட மாட்டோம் என்று மாப்பிள்ளை வீட்டார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இருப்பது ஒரே மாமன், மாதப்பன். அவரோ நாலு வருஷமாக வீட்டுப் படி ஏறவில்லை.

காரணம் வெற்றிலை. மூத்தவள் கல்யாணத்தில் முதல் வெற்றிலை பாக்கை ஊர் மணியக்காரருக்கு வைத்துவிட்டு, இரண்டாவதைத்தான் மாமனுக்கு வைத்தார்களாம். மாமன் மாடுகளை ஓட்டிக்கொண்டு அஞ்செட்டிக்கு அப்பால் காட்டுக்குள் போய்விட்டார். கல்யாணத்துக்கும் வரவில்லை, அப்புறமும் வரவில்லை. அதனால் இந்தத் தடவை முனிராஜின் அம்மா ஊரில் ஒரு வீட்டுக்கும் இன்னும் அழைப்பு வைக்கவில்லை. முதல் வெற்றிலை மாமனுக்குப் போய்ச் சேர வேண்டும், அவர் சரி என்று சொல்லிவிட வேண்டும், மற்றதெல்லாம் அப்புறம்.

ஒரு மஞ்சள் துணியில் நூறு வெற்றிலை, கொட்டைப்பாக்கு, இரண்டு மஞ்சள் கிழங்கு, குங்குமப் பொட்டலம். துணியை நனைத்துக் கட்டி, என் பை வெயில் படாத பை என்பதால் அதில் வைத்தார் முனிராஜின் அம்மா. "கண்ணு, வெத்தல வாடாம கொண்டுபோய்ச் சேத்துடு" என்றார். "நீங்க கவலப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்றேன். பார்த்துக்கொண்ட லட்சணம்தான் இந்தக் கட்டுரை.

பஸ் எங்களை அஞ்செட்டியில் இறக்கியது என்று எழுதினால் பஸ்ஸுக்கு மரியாதை. மலை இறக்கத்தில் ரேடியேட்டர் கொதித்து, பஸ் பெருமூச்சு விட்டு நின்றது. மோர் விற்கப் போய்க்கொண்டிருந்த ஓர் அம்மாளின் பானையைக் கண்டக்டர் ஆசையோடு பார்த்தார். "வண்டிக்கு மோரா? உங்க முதலாளி ஊட்ல எரும வாங்கி ஊத்தச் சொல்லு" என்று அந்த அம்மாள் பானையை மடியில் வைத்துக்கொண்டார். மீதி இறக்கத்தை நடந்து இறங்கி, பொழுது சாய்ந்து அஞ்செட்டி சேர்ந்து, ஒரு மண்டிக்கடை ஓரம் படுத்து, விடியலில் கிளம்பினோம். நடை தொடங்குவதற்கு முன்பே என் இரண்டு குதிகாலிலும் கொப்புளம்.

"எவ்ளோ தூரம்டா?" என்று கேட்டேன்.

"பதினெட்டு மைலு."

"உங்க மாமன் ரோட்டோரமா கோவிச்சுக்கக் கூடாதா?"

முனிராஜ் முன்னால் நடந்தான். அவனிடம் பை கிடையாது. ஒரு கம்பளி, ஒரு தடி. வெறுங்கால். கம்பளியை மழைக்குக் குடையாக, வெயிலுக்குத் தலைப்பாகையாக, உட்கார்ந்தால் பாயாக ஆக்கிக்கொண்டான். என் பையில் பிஸ்கட் டின், ஜாம் பாட்டில், டார்ச், தகர டம்ளர், கணக்குப் புத்தகம். கணக்குப் புத்தகம் எதற்கு என்று என்னையே கேட்டுக்கொண்டு இரண்டு மைல் நடந்தேன்.

காடு எங்கள் பக்கத்து மாந்தோப்பு மாதிரி வரிசையாக நிற்காது. மூங்கில், அப்புறம் முள், அப்புறம் மறுபடி மூங்கில், நடுவில் மாட்டுக் குளம்பு போட்ட ஒற்றையடித் தடம். எதிரில் வந்தவர்களிடமெல்லாம் மாதப்பன் தொட்டி எவ்வளவு தூரம் என்று விசாரித்தேன். தொட்டி என்றால் அந்தப் பக்கத்தில் காட்டு மாட்டுப்பட்டி. விறகு சுமந்து வந்தவர், "தோ, ஒரு கூப்பிடு தூரம்" என்றார். ஒரு மணி நேரம் கழித்து வந்த தேன் எடுக்கிறவரும் "ஒரு கூப்பிடு தூரம்" என்றார். இந்தச் சீமையில் யாருக்கும் தொண்டை சாதாரணத் தொண்டை இல்லை.

வழியில் ஓர் எல்லைக் கல். அதற்கு இந்தப் பக்கம் மதராஸ் ராஜ்யம், அந்தப் பக்கம் மைசூர். மொழிவாரியாக மாநிலம் பிரித்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. இங்கே ஒரு கால், அங்கே ஒரு கால் வைத்து நின்று, "முனிராஜ், நான் இப்போ பாதி ஃபாரின்" என்றேன்.

"கொப்புளம் எந்த ராஜ்யத்துல இருக்குது?" என்றான்.

"ரெண்டுலயும்."

"அப்போ மத்திய சர்க்காருதான் பாக்கணும். நட."

பதினோரு மணி வாக்கில் எட்டு வீடுகள் கண்ணில் பட்டன. மண் சுவர், புல் கூரை. நாங்கள் கிட்டே போகப் போக, வீட்டிலிருந்த பெண்கள் அவசர அவசரமாகப் பானை சட்டிகளை வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தொட்டிலில் இருந்த குழந்தையையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். நான் கொஞ்சம் நெகிழ்ந்துபோனேன். இங்கிலீஷ் பத்திரிகைக்காரனுக்குக்கூட இவ்வளவு வரவேற்பு கிடைத்ததாக எழுதவில்லை.

முனிராஜ் சிரிப்பை அடக்க முடியாமல் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டான். மலேரியாவுக்கு டி.டி.டி. அடிக்கிற ஆட்கள் காக்கிப் பையோடுதான் வருவார்களாம். மருந்து அடிப்பதற்கு முன் சாமான்களை வெளியே வைக்க வேண்டும் என்பது சட்டம். நான் அந்த ஆள் இல்லை என்று தெரிந்ததும் எட்டு வீட்டுப் பெண்களும் பானைகளைத் திரும்ப உள்ளே தூக்கினார்கள். அப்போது அவர்கள் கன்னடத்தில் என்னைப் பற்றிச் சொன்னதை முனிராஜ் கடைசி வரை மொழிபெயர்க்க மறுத்துவிட்டான்.

ஓடை ஓரம் யானை இறங்கியிருப்பதாக அங்கே பேச்சு. எந்தப் பக்கம் என்று விசாரிக்க முனிராஜ் மேட்டில் ஆடு மேய்க்கிறவர்களிடம் போனான். நான் கடைசி வீட்டு நிழலில் உட்கார்ந்தேன். அந்த வீட்டு அக்கா பானை எதையும் வெளியே எடுத்து வைக்கவில்லை. வாசலில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு மூக்கிலும் மூக்குத்தி, நெற்றியில் பச்சை குத்திய பொட்டு. கேட்காமலே ஒரு ராகிக் களி உருண்டையும் கொள்ளுச் சாறும் கொண்டுவந்து வைத்தார்.

அவர் பேசியது கன்னடமும் தமிழும் கலந்த ஒரு பாஷை. என் கன்னடம் பெங்களூர் ஓட்டல்களில் கற்றது, இட்லி தோசையைத் தாண்டி எதையும் விசாரிக்க உதவாது. எனக்குப் புரிந்தபடி தமிழில் தருகிறேன்.

"மெல்லாத தம்பி. களிய மெல்லக் கூடாது. சாத்துல தொட்டு முழுங்கு."

"பல்லு எதுக்கு அக்கா இருக்கு?"

"சிரிக்கறதுக்கு. முழுங்கு."

முழுங்கினேன். உருண்டை நெஞ்சு வழியாக இறங்குவது அங்குலம் அங்குலமாகத் தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், ஹாஸ்டல் சாம்பார் சாதம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

"எங்க போறீங்க?"

"மாதப்பன் தொட்டிக்கு."

அக்காவின் கை சாற்றுக் கரண்டியோடு அப்படியே நின்றது. "அவரு கோவக்காரருன்னு சொல்லுவாங்க" என்றார்.

"கேள்விப்பட்டேன். வெத்தலைக்கே நாலு வருஷம் கோவிச்சவராமே."

"ஆமா ஆமா, வெத்தலைக்குத்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் இன்னும் கொஞ்சம் சாறு கொண்டுவந்தார்.

சாப்பிட்டுவிட்டு எதுவும் கொடுக்காமல் எழுந்தால் மரியாதை இல்லை என்று என் காலேஜ் மூளைக்குத் தோன்றியது. காசு நீட்டினால் திட்டு விழும் என்பது வரைக்கும் தெரியும். பிஸ்கட் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, வாசலில் கட்டியிருந்த ஆட்டுக்குட்டிக்கு வைத்தார். ஆட்டுக்குட்டியும் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. பையைத் துழாவினேன். மஞ்சள் துணி கையில் பட்டது. நூறு வெற்றிலையில் ஐந்து போனால் யாருக்குத் தெரியப்போகிறது? ஐந்து வெற்றிலை, இரண்டு பாக்கு எடுத்தேன். ஒரு மஞ்சள் கிழங்கும் கூடவே வந்தது. சரி, அதுவும் இருக்கட்டும் என்று சேர்த்து நீட்டினேன்.

அக்காவின் கை வரவில்லை.

"எனக்கா?"

"உங்களுக்குத்தான் அக்கா."

"மஞ்சளுமா?"

"மஞ்சளும்தான்."

"யாரு ஊட்டு விசேசம்?"

"என்கூட வந்தானே முனிராஜ், அவன் தங்கச்சிக்குக் கல்யாணம். கெலமங்கலத்துல. நீங்களும் வந்துடுங்கக்கா."

எங்கள் நாகரசம்பட்டிப் பக்கம் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூட இறங்கும்போது 'வீட்டுக்கு வந்துடுங்க' என்போம். இதுவரை யாரும் வந்ததில்லை. அந்தத் தைரியத்தில் சொன்னேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் முந்தானையை இழுத்து இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து வாங்கிக்கொண்டார். அதை முடிச்சுப் போட்டு, முடிச்சின்மேல் இன்னொரு முடிச்சும் போட்டார்.

"கட்டாயம் வரேன்" என்றார்.

ரொம்ப மரியாதையான ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு மணி இருக்கும். ஓடைக்கரையில் வெற்றிலைத் துணியை மறுபடி நனைப்பதற்காக முனிராஜ் கட்டை அவிழ்த்தான்.

"டேய் சம்பத்து, மஞ்ச ரெண்டு இருந்துச்சே?"

"ஒண்ண அந்த அக்காவுக்குக் குடுத்துட்டேன்."

"எந்த அக்காவுக்கு?"

"களி போட்ட அக்காவுக்கு. அஞ்சு வெத்தல, ரெண்டு பாக்கு, மஞ்ச. கல்யாணத்துக்கும் வரச் சொல்லிட்டேன்."

முனிராஜ் மணலில் உட்கார்ந்தான். தலையில் கை வைத்தான். பிறகு ஒரு கை போதாதென்று இன்னொரு கையையும் வைத்தான்.

"எங்கம்மா நிச்சயம் பண்ண நாள்லேர்ந்து ஊர்ல ஒரு காக்காய்க்குக்கூடச் சொல்லலடா. அக்கம்பக்கத்துல மூஞ்சத் தூக்கிகினு திரியறாங்க. மொத வெத்தல மாமனுக்குன்னு வாயக் கட்டிகினு உக்காந்துகினு இருக்குது. நீ களிக்குக் குடுத்துட்டு வந்திருக்க."

"சாறும் இருந்துச்சு" என்றேன். அவன் முகத்தைப் பார்த்து, அந்த வழியை விட்டு வேறு வழியில் போனேன். "வெத்தலையில நம்பரா போட்டிருக்கு? மீதி தொண்ணூத்தஞ்சும் பச்சுனு இருக்கு. இதுதான் மொதல்னு சொல்லிக் குடு."

"மாமன் கேப்பாருடா. எத்தினாவதுன்னு கேட்டுட்டுத்தான் கைய நீட்டுவாரு. தொட்டிக்குள்ள நின்னுகினு பொய் சொன்னா மாடு பால மறச்சுக்கும்."

"பி.எஸ்ஸி. படிக்கிறவன் பேசற பேச்சாடா இது?"

"பி.எஸ்ஸி. பரீச்சையில மாடு வந்து கேள்வி கேக்காது."

துணியை ஓடையில் நனைத்துப் பிழிந்தான். பிறகு, "கௌரம்மா ஒரு வாரமா கண்ணாடி முன்னாடியே நிக்கறாடா" என்றான். நானும் மணலில் உட்கார்ந்தேன். கடைசியில் அவனே எழுந்து, "நீ வாயத் தொறக்காத. பொய்யோ கிய்யோ, நான் சொல்லிக்கறேன்" என்றான்.

அதற்குள் யானை. ஓடைத் திருப்பத்தில் நாலு பெரியதும் ஒரு குட்டியும் நின்றுகொண்டிருந்தன. காட்டில் யாரும் யானை என்று பெயர் சொல்வதில்லை, சாமி என்பார்கள். சாமிகள் மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொண்டு நிதானமாக இருந்தன. நாங்கள் ஒரு பாறைமேல் ஏறிப் படுத்தோம். என் பையில் டம்ளர் பிஸ்கட் டின்னோடு மோதி ஒரு சத்தம் போட்டது.

"பாத்திரக் கடையாடா வெச்சிருக்க?" என்று முனிராஜ் காதோடு கேட்டான்.

ஒன்றரை மணி நேரம் மூச்சை அளந்து விட்டுக்கொண்டு கிடந்தோம். எங்கள் மாந்தோப்பில் அதிகபட்ச ஆபத்து பச்சை எறும்பு. சாமிகள் நகர்வதாக இல்லை. பாறைக்குப் பின்னால் இறங்கி, முள்ளுக்குள் புகுந்து, ஒரு கரட்டுக் குன்றைச் சுற்றி வந்தோம். அந்தச் சுற்றில் என் பையின் வார் மூன்று அறுந்தது. அப்படியும் எட்டு மீதி இருந்தது.

தொட்டியைச் சேர்ந்தபோது வெயில் மஞ்சளாகிவிட்டது. ஆள் உயர முள் வேலி, உள்ளே அறுபது எழுபது மாடுகள், ஓரத்தில் மூங்கில் குடிசை. கன்றுகள் ஒரு பக்கம் கத்த, தாய்கள் இன்னொரு பக்கம் பதில் சொல்லிக்கொண்டிருந்தன. வாசலில் கம்பளி போர்த்திய ஒரு குள்ளமான மனிதர் நின்றார். ஆறடி ஆளை எதிர்பார்த்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கௌரம்மா சாப்பாட்டில் குறை வைக்காத பெண். இவர் அவளைத் தூக்குவதா, அவள் இவரைத் தூக்குவதா?

"செருப்பு உள்ள வரக் கூடாது" என்றார் மாதப்பன், என் பூட்ஸைப் பார்த்து.

கழற்றினேன். உள்ளேயிருந்து நியூஸ் பேப்பர் கட்டுக் கட்டாக வந்தது. அவர் குனிந்து பார்த்தார்.

"பேப்பர்ல என்னா போட்டுகிறான்? இந்தத் தொட்டி எந்த ராஜ்யத்துல வருது?"

கால் வேர்வையில் ஊறிய காகிதத்தைப் பிரித்துப் பார்த்தேன். "கெலமங்கலமே இதுல வரலீங்க" என்றேன்.

"அப்ப எதுக்குக் காசு குடுத்து வாங்கறது?"

முனிராஜ் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து எழுந்தான். ஒரு முறத்தில் மஞ்சள் துணியை விரித்து, வெற்றிலை, பாக்கு, மிச்சமிருந்த ஒரு மஞ்சள், குங்குமம் எல்லாம் எடுத்து வைத்தான். "மாமா, கௌரம்மாவுக்குக் கல்யாணம். நீங்கதான் வந்து தூக்கி வெக்கணும்" என்றான்.

மாமன் கையைக் கம்பளிக்குள்ளேயே வைத்துக்கொண்டார். "இது எத்தினாவது?"

"மொத..." என்று ஆரம்பித்தான் முனிராஜ். பக்கத்தில் ஒரு பசு தலையைத் திருப்பி அவனைப் பார்த்தது. சும்மா ஈ விரட்டத் திருப்பியிருக்கும். அவனுக்கு அதற்குமேல் வாய் வரவில்லை.

இனி நான்தான் பேச வேண்டும். "ரெண்டாவதுங்க. தப்பு என்னோடது. வழியில எட்டு வீட்டு ஊர்ல ஒரு அக்கா களி போட்டாங்க. தெரியாம மொத வெத்தலைய அவங்களுக்குக் குடுத்துட்டேன். மஞ்சளும் குடுத்துட்டேன். இவன் மேல ஒண்ணும் இல்லீங்க."

மாமன் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு குடிசைப் பக்கம் திரும்பி, "ஏய், கேட்டுகினியா?" என்றார்.

குடிசையிலிருந்து அந்த அக்கா வந்தார். அதே மூக்குத்தி, அதே முந்தானை, அதே முடிச்சு. கரட்டுக்கு மேலே ஒரு குறுக்குத் தடம் இருக்கிறதாம். நாங்கள் சாமிகளுக்குப் பயந்து பாறையில் கிடந்த நேரத்தில் ராகி மாவு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அவர் வந்து சேர்ந்து, அடுப்பும் பற்றவைத்துவிட்டார்.

"நான் சொல்லல, மலேரியாக்காரத் தம்பின்னு?" என்றார் மாமனிடம்.

முனிராஜின் முகத்தைப் பார்த்தேன். அவனுக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கிறது. காட்டில் மாமனுக்கு யாரோ ஒருத்தி இருப்பதாக ஊரில் பேச்சு உண்டாம். வீட்டில் அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லையாம். இது அப்புறம் அவன் சொன்னது.

"இவ பேரு சிக்கம்மா" என்றார் மாமன். "மொதப் புருசன் செத்துட்டான். அப்பறம் என்கூடக் கூடிகினா. எங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம் பண்ணி வெக்க அய்யரும் வரல, ஆளும் வரல. ஆறு வருசம் ஆச்சு. இவளுக்கு மஞ்ச குடுக்க எந்த ஊட்லயும் கை நீளாது. நல்ல காரியத்துல இவ மூஞ்ச காட்டக் கூடாதாம்."

"மாமா, மணியக்காரருக்கு மொத வெத்தல குடுத்ததுக்குத்தான் நீங்க..."

"அது நான் ஊருக்குச் சொன்னது. ரெண்டாவதா குடுத்தா என்னா, இருவதாவதா குடுத்தா எனக்கென்னாடா? உங்கம்மா என் ஒருத்தன் பேருக்கு வெத்தல அனுப்பிச்சா. இவ பேரச் சொல்லல. இத வெளிய சொல்லிகினு திரிய முடியுமா? அதான் வெத்தல மேல பழியப் போட்டேன்."

நாலு வருஷம் ஒரு மனிதர் பொய்க் காரணத்துக்குக் கோபித்துக்கொண்டு, நிஜக் காரணத்தை மாடுகளோடு வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் வாய் வரை வரவில்லை.

"அப்போ முதல் வெத்தல சரியான இடத்துக்குத்தான் போயிருக்கு" என்று நான் இடையில் புகுந்தேன். என் தப்பு தப்பே இல்லை என்று ஆக்கிவிடும் அவசரம்.

"நீ இரு தம்பி. நீ குடுத்தது தெரியாம குடுத்தது. அது களிக்கு ஆச்சு." மாமன் முனிராஜிடம் திரும்பினார். "உனக்கு இப்பத் தெரியும். தெரிஞ்சு நீ குடு. குடுக்க முடியலன்னா ஒண்ணும் பாதகம் இல்ல, ராத்திரி படுத்துட்டு வெடிஞ்சு கெளம்பு. நான் வரல."

மாடுகள்கூட அந்த நேரம் பார்த்துக் கத்துவதை நிறுத்திவிட்டன என்று எழுத ஆசை. நிறுத்தவில்லை. ஒரு கன்று கயிற்றை அறுத்துக்கொண்டு தாயிடம் ஓடி முட்டி முட்டிக் குடிக்க, யாரும் அதைப் பிடிக்கப் போகவில்லை.

முனிராஜ் முறத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் என்ன பார்க்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மா, மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு திரியும் அக்கம்பக்கம், மாப்பிள்ளை வீட்டார், கண்ணாடி முன்னால் கௌரம்மா. சிக்கம்மா குடிசைத் தூணைப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்தார். முந்தானை முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். திருப்பிக் கொடுத்துவிடுவதற்குத்தான். முதல் முடிச்சு அவிழ்ந்துவிட்டது.

"அத அவுக்காதீங்க அத்தே" என்றான் முனிராஜ்.

அவர் கை நின்றது.

அவன் முறத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நீட்டினான். மிச்சமிருந்த மஞ்சளைத் தன் கையால் எடுத்து, வெற்றிலைக்கு மேலே வைத்தான். "கௌரம்மா கல்யாணம். அத்தே, நீங்களும் மாமனும் ரெண்டு பேரும் வரணும். முன்னாடி வந்து நிக்கணும்." பி.எஸ்ஸி. வைவாவில்கூட அவன் இப்படித் திணறி நான் பார்த்ததில்லை.

சிக்கம்மா வாங்கிக்கொண்டார். வாங்கியதும் திரும்பி அடுப்புக்குப் போய்விட்டார். ரொம்ப நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு ஊதினார். அடுப்பு நன்றாக எரிந்துகொண்டுதான் இருந்தது.

மாமன் கம்பளிக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்தார். ஒரு வெற்றிலையை எடுத்து நரம்பு கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். "கௌரம்மா இப்ப எத்தினி எட இருப்பா?" என்றார்.

"கொஞ்சம் இருக்கா மாமா" என்றான் முனிராஜ்.

"கன்னுக்குட்டி தூக்கற ஆளுடா நான்."

"அது இல்ல மாமா, இவ பசு."

கௌரம்மா இதைப் படிக்க மாட்டாள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

களியும் கெட்டித் தயிரும் சாப்பிட்டோம். இந்தத் தடவை மெல்லவில்லை. அப்போதுதான் மாமன் புது விஷயம் எடுத்தார். வீட்டு மருமகள் முதல் தடவை புகுந்த வீட்டு விசேஷத்துக்குப் போனால் பிறந்த வீட்டு ஆள்தான் அழைத்துக்கொண்டு போய் விட வேண்டும். தானாக நடந்து போனால் மரியாதை இல்லை. சிக்கம்மாவுக்குப் பிறந்த வீட்டில் யாரும் கிடையாது.

"அதுக்கென்னா பண்றது?" என்றேன் நான், கையை நக்கிக்கொண்டு.

"அக்கா அக்கான்னு வாய் நெறயக் கூப்புட்டு ரெண்டு உருண்ட களி தின்னியே, மச்சான்" என்றார் மாமன்.

சிக்கம்மாவையும் அழைத்ததை அம்மாவிடம் யார் சொல்வது என்று முனிராஜுக்கு அதுவரை கவலை இருந்திருக்கிறது. இப்போது முகம் தெளிந்துவிட்டது. "பொறந்த ஊட்டுக்காரன் சொன்னாத்தான்டா முற" என்றான் என்னிடம்.

விடிந்ததும் கிளம்பினோம். பத்து நாள் மாட்டைப் பார்த்துக்கொள்ள அடுத்த தொட்டிக்காரர் வந்துவிட்டார். மாமன் சீர் என்று ஒரு பானை நெய்யைத் தூக்கி என் மிலிட்டரிப் பையில் இறக்கி, அறுந்த வார்களுக்குப் பதில் கற்றாழை நாரால் கட்டினார். பிறந்த வீட்டுக்காரன்தான் சீரைச் சுமக்க வேண்டுமாம். பானைக்கு இடம் வேண்டுமென்று கணக்குப் புத்தகத்தைத் தொட்டியிலேயே விட்டேன். காலையில் நெய் கல் மாதிரி உறைந்திருந்தது. ஒன்பது மணி வெயிலில் இளகியது. பத்து மணிக்கு என் முதுகு வழியாக இறங்கி, இடுப்பு வழியாக, பூட்ஸுக்குள் சேர்ந்தது. கொப்புளத்துக்கு நல்லது என்றார் சிக்கம்மா. பின்னால் எறும்பு வரிசை வருவதாக முனிராஜ் சொன்னான். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

எட்டு வீட்டு ஊர் வந்தது. காக்கிப் பையைப் பார்த்ததும் மறுபடி பானைகள் வெளியே வர ஆரம்பித்தன. சிக்கம்மா எங்களை முந்திக்கொண்டு நடந்தார்.

"மருந்து அடிக்கற ஆளு இல்ல, என் தம்பி" என்றார் முதல் வீட்டில். "கல்யாணத்துக்குப் போறேன். எங்க நாத்தனார் பொண்ணுக்குக் கல்யாணம்."

இரண்டாவது வீட்டிலும் அதையே சொன்னார். மூன்றாவது வீட்டுக்காரி ஒன்றும் கேட்கவில்லை, அவளிடமும் நின்று சொன்னார். முடிச்சை முன்னால் இழுத்துக் காட்டிச் சொன்னார். வெயில் ஏறுகிறது என்று மாமன் சத்தம் போட்டும் ஒரு வீடு விடவில்லை.

ஏழு வீடு ஆயிற்று. எட்டாவது அவருடைய வீடு. அங்கே யாரும் இல்லை. வாசலில் கட்டியிருந்த ஆட்டுக்குட்டியை அவிழ்த்துப் பக்கத்து வீட்டில் விடுவதற்கு முன், அதன் காதைப் பிடித்துக்கொண்டு அதனிடமும் சொல்லிவிட்டு வந்தார்.